பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்! – பழைய கார் கேள்வி–பதில்

சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து பழைய, அபூர்வமான கார்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் காபித் தோட்டத்து ஷெட்டில் 25 வருடமாக ஒரு கார் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் எழும்புகிறது. நான்கு கதவு. பெயர் எழுத்து உதிர்ந்துவிட்டது. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். இது என்ன வண்டி? (நாகலூர், ஏற்காடு)

பதில்: முதலில் அந்த இரும்புக்காரரை அனுப்பிவிடுங்கள். மூக்கு முழுவதும் முன்னோக்கித் திறக்கும் நம்மூர் கார் என்றால் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த வடிவம் அது. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 948 சி.சி. எஞ்சினுடன் அதை இங்கே தயாரித்தது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு கிடையவே கிடையாது. 1960களின் கடைசியில் இந்தியாவுக்கென்றே செய்தது அது. வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்களிடமும் இல்லாத வண்டி உங்கள் ஷெட்டில் நிற்கிறது!

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். 1970களில் அதே நிறுவனம் விட்ட கஸெல் காரும் இதே வம்சம்தான், அதற்கும் நான்கு கதவுதான். பின்சக்கரத்துக்கு நடுவே குனிந்து பாருங்கள். குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங், சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும் அச்சு என்றால் ஹெரால்டு. லாரியில் இருப்பதுபோல் ஒரே விறைப்பான ஆக்ஸில் என்றால் கஸெல்.

கழுவுவதற்கு முன்பே எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் தடுப்புத் தகட்டில் சேஸி எண் பொறித்த சிறு தகடு இருக்கும். எஞ்சின் எண் பிளாக்கிலேயே குத்தியிருக்கும். அழுக்கைத் துணியும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் பதியும். கம்பி பிரஷ், கிரைண்டர் பக்கமே போக வேண்டாம். தேய்ந்துபோன எண்ணோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்பது பெரிய தலைவலி. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண் பொருந்தாவிட்டால் பதற வேண்டாம். அந்தக் காலத்தில் எஞ்சின் மாற்றுவது சகஜம். அதைக் குறித்து மட்டும் வையுங்கள்.

கேள்வி: இதேபோல் நின்றுபோன வண்டியைக் கிளப்ப என்ன வரிசையில் வேலை செய்ய வேண்டும்? மெக்கானிக் புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்கிறார். (கன்னங்குறிச்சி)

பதில்: செல்ஃப் அடிக்கவே கூடாது. பிஸ்டன் ரிங் துருப்பிடித்துச் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் தன் பலத்தையெல்லாம் போட்டுத் திருப்பினால் ரிங் ஒடியும், சிலிண்டரில் கோடு விழும். மலையடிவார ஷெட் என்றால் கை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டியிருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். எஞ்சின் ஆயிலும் டீசலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் 10 மி.லி., அதாவது இரண்டு டீஸ்பூன், விட்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் எஞ்சின் தானே சுற்ற ஆரம்பிக்கும். அசையவில்லையா, இன்னும் மூன்று நாள். அவசரம் காட்டினால் ஹெட்டை இறக்குகிற செலவு வரும்.

சுற்றியதும் பழைய ஆயிலை வடித்து, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பையும் இறக்கிவிடுங்கள். அடியில் அல்வா மாதிரி கசடு நிற்கும். அது ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் பேரிங் போய்விடும். புது 20டபிள்யூ–50 ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டருக்கு இதுதான் முதல் வேலை. ஹெரால்டு என்றால் வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.25 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் இடைவெளி 0.64 மி.மீ. எலி கடித்த வயரிங்கை நம்பாமல் பேட்டரி வயரில் தற்காலிகமாக ஒரு ஃபியூஸ் சேருங்கள். ஸ்டார்ட்டர் வயர் மட்டும் அதற்கு வெளியே இருக்கட்டும்.

டாங்கில் இருப்பது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். ஒரு லிட்டர் கேனிலிருந்து தனிக் குழாய் போட்டுக் கிளப்புங்கள். டாங்கைக் கழற்றி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் என்ற கணக்கில் நிரப்பி ஒரு நாள் வைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, அன்றே வெயிலில் காயவிடுங்கள். ஈரமாக ஒரு ராத்திரி வைத்தாலும் மறுபடி துரு பூக்கும். ஓட்டை இருந்தால் பற்றவைப்புக்காரரிடம் நேரே கொண்டுபோக வேண்டாம். காலி டாங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

இன்னொன்று: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப்பின் ரப்பர் சவ்வும் (டயாஃபிரம்) அதில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். எத்தனால் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்கி, டாங்கிலிருந்து கார்ப்பரேட்டர்வரை ஓர் அங்குலம் விடாமல் மாற்றுங்கள்.

எஞ்சின் ஓடிவிட்டது என்று வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம். பிரேக் சிலிண்டர்களைப் பிரித்து ரப்பர் மாற்றிய பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள எண்ணைப் பாருங்கள். கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தைய டயர். அது மாட்டுவண்டிக்குக்கூட ஆகாது.

கேள்வி: ஹெரால்டில் ஏற்காடு ஏறி இறங்கலாமா? "பின்பக்கம் கவிழ்க்கும்" என்று பயமுறுத்துகிறார்கள். (அஸ்தம்பட்டி)

பதில்: ஏறலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் கார் அது. 20 கொண்டை ஊசி வளைவிலும் ரிவர்ஸ் போடாமல் திரும்பும். பயமுறுத்துகிறவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் உயரும். தனித்தனி அச்சு என்பதால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, டயர் பிடிப்பு விட்டுப்போகும். நேர் சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் வளைவுக்குள் போய், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடியே வெளியே வாருங்கள். பின் டயரில் முன் டயரைவிட 4 முதல் 6 பவுண்டு காற்று கூடுதலாக இருக்கட்டும்.

உண்மையான ஆபத்து முன்பக்கம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டில் மரையாகத் திருகியிருக்கும். அங்கே போட வேண்டியது இ.பி.90 கியர் ஆயில். நம் பட்டறைகளில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடிப்பார்கள். கிரீஸ் காய்ந்து இறுகும், மரைக்குள் தண்ணீர் தேங்கும், துரு தின்னும். ஒரு நாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடிந்து விழும். அது எட்டாவது வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரீஸ் கன்னிலேயே கியர் ஆயில் நிரப்பி, மேலே கசிந்து வரும்வரை அடியுங்கள். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கழற்றினால் இடது, வலது மாற்றி மாட்டாதீர்கள், மரையின் திசை வேறு.

அப்படியே எஞ்சினின் முன்னால் பெல்ட் சுற்றும் கிராங்க் புல்லியையும் பாருங்கள். ஒருவர் கிளட்சை மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் பிறைவடிவ த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இருக்கவேண்டிய ஆட்டம் 0.1 முதல் 0.2 மி.மீ.தான். வாஷர் கழன்று சம்பில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும்.

இறங்கும்போது நான்கும் டிரம் பிரேக் என்பது நினைவிருக்கட்டும். எந்த கியரில் ஏறியதோ அதே கியரில் இறக்குங்கள். ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தால் மூடியைத் திறக்காமல் அரைமணி நேரம் நிழலில் நிறுத்துங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் போய் அழுத்தம் நிற்காவிட்டால் அந்த ஐந்து டிகிரிதான் உங்களைக் கவிழ்க்கும்.

கேள்வி: ஆத்தூரில் ஒரு ஃபைபர் பாடி குட்டிக் கார் விலைக்கு வருகிறது. இரண்டு கதவு. மாருதிக்கு முன்பே வந்தது என்கிறார்கள். வாங்கலாமா? (வாழப்பாடி)

பதில்: சிப்பானி டால்ஃபினாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் வண்டியை எடுத்து 1980களின் தொடக்கத்தில் பெங்களூருக்காரர்கள் செய்தது. 848 சி.சி., பின்சக்கர இழுவை. மாருதி 800க்கு முன்னால் நிற்க முடியாமல் போயிற்று. சென்னையை அடுத்த சோழவரம் பந்தயத் தடத்தில் மட்டும் நல்ல பெயர் எடுத்தது.

பாடி துருப்பிடிக்காது என்பதை நம்பி மயங்க வேண்டாம், அடியில் இருப்பது இரும்புச் சேஸிதான். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மந்தமான ஓசை வந்தால் உள்ளே உளுத்திருக்கிறது. எஞ்சின் முழுக்க அலுமினியம், பிஸ்டன் ஓடும் உறையான சிலிண்டர் லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும். போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் உள்ளே அரித்திருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். சேஸி நன்றாக இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்டு 2000 நல்ல முதலீடா? (சூரமங்கலம்)

பதில்: முதலீடு வேண்டுமென்றால் தங்கம் வாங்குங்கள். 1985இல் வந்து 1988க்குள் முடிந்துபோன கார் என்பதால் அபூர்வம்தான். பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காருடையது, எஞ்சினோ பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு கார் காலத்து 1991 சி.சி. பட்டுவேட்டி கட்டிக்கொண்டு ஏர் ஓட்டுகிற மாதிரி. பெட்ரோலைக் குடிக்கும். ஒரு வசதி, பாடிக்கு ரோவரின் பாகங்கள் பல பொருந்தும், அவற்றில் சில இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. கண்ணாடி உடையாத வண்டியாகப் பாருங்கள்.

கேள்வி: 1956 மாடல் காரில் புது எஃப்.எம். ரேடியோ மாட்டியதும் புகைந்துவிட்டது. ஏன்? (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: அந்தக் காலத்து பிரிட்டிஷ் வகைக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். புது ரேடியோ, மொபைல் சார்ஜர் எல்லாம் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும் (நெகட்டிவ் எர்த்) வண்டிக்குச் செய்தவை. 1950களின் முற்பகுதி அமெரிக்க வண்டிகளில் 6 வோல்ட் என்ற கூத்தும் உண்டு. எந்த வயர் பாடிக்குப் போகிறது, பேட்டரி எத்தனை வோல்ட் என்று பார்த்த பிறகே எதையும் மாட்டுங்கள்.

கேள்வி: ஆர்.சி. இறந்துபோன தாத்தா பெயரில். 1969 வண்டி. விண்டேஜ் நம்பர் வாங்கலாமா? (ஓமலூர்)

பதில்: முதலில் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. ஆர்.சி. புத்தகம் தொலைந்திருந்தால் படிவம் 26. பழைய மூன்றெழுத்து எண் கணினியில் ஏறவில்லை என்றால் அதை ஏற்றச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுங்கள்.

2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் அமைப்பு மாறாத காரும் இருசக்கர வண்டியும் விண்டேஜ். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் தெருவில் எடுக்கலாம், தினமும் கடைக்கு ஓட்டிப்போக முடியாது. ஓட்டத்தான் ஆசை என்றால் சாதாரணப் பதிவையே ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டு போங்கள். எஞ்சினை டீசலாக மாற்றி வைத்திருந்தால் விண்டேஜ் பேச்சையே எடுக்க வேண்டாம்.