நால்வர் போனால் நான்கு பைன்ட் குடித்தே ஆகவேண்டுமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக மான்செஸ்டரில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். வாழ்க்கையை எளிமையாக்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்து, வீட்டுப் பொருள்களையும் தேவையற்ற செலவுகளையும் வெகுவாகக் குறைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலையை மட்டும் என்னால் குறைக்க முடியவில்லை. அலுவலகத்திலிருந்து நாங்கள் நால்வர் பப்புக்குப் போவோம். ஒரு பைன்ட் பீர் போதும் என்று நினைத்துச் செல்கிறேன். நான்கு குடித்துவிட்டுத் திரும்புகிறேன். மருந்து சாப்பிடுகிறேன், கார் ஓட்ட வேண்டும் என்று வாரம் ஒரு காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஊரில் இருக்கும் அம்மாவிடம் அந்த நேரத்தில் அலுவலக வேலை என்கிறேன். அடுத்த மாதம் மனைவி இங்கே வருகிறார். ஊரோடு ஒத்து வாழ்வதா, ஒதுங்குவதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

நால்வர் போகிறீர்கள், நான்கு பைன்ட் குடிக்கிறீர்கள். இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. பிரிட்டிஷ் பப்பில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒருவர் எழுந்துபோய் மேசையில் உள்ள அனைவருக்கும் சேர்த்து வாங்கிவருவார். தன் முறை வருமுன் கிளம்புகிறவரைக் கஞ்சன் என்று நினைப்பார்கள், தன் முறையை முடித்தவருக்கோ மற்றவர்கள் வாங்கித் தருவதை விட்டுவிட்டு எழ மனம் வராது. போதாக்குறைக்கு, மேசையில் யார் வேகமாகக் குடிக்கிறாரோ அவருடைய வேகமே எல்லோருடைய வேகமும் ஆகிவிடுகிறது. அவர் கோப்பை காலியானதும் "அதேதானே?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிடுவார், உங்கள் கோப்பையில் பாதி மிச்சமிருக்கும்போதே அதன் பக்கத்தில் புதியது ஒன்று வந்து நிற்கும், நீங்களும் பழையதை அவசரமாக முடிப்பீர்கள். யாரும் உங்களை வற்புறுத்தவில்லை. ஆனாலும் அளவை முடிவு செய்தது நீங்கள் இல்லை.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே குடி பெரும்பாலும் மறைவாக நடப்பது. டாஸ்மாக் கடையில் வாங்கி, தெரிந்தவர் கண்ணில் படாமல், போதைக்காகவே விரைந்து குடித்து முடிப்பது. அங்கே மேலதிகாரியும் பெண் ஊழியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிக்கிறார்கள்; பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இந்த வெளிப்படைத்தன்மை நல்லது என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஊரில் கோப்பைகளை எண்ணும் வேலையை வெட்கம் செய்துவந்தது. அங்கே அந்த வெட்கம் இல்லாததால், எண்ணும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

எனவே எண்ணிப் பார்ப்போம். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. நான்கு சதவீத பீராக இருந்தால் அதில் ஏறக்குறைய 2.3 யூனிட் மது இருக்கிறது (யூனிட் என்பது அங்கே மதுவை அளக்கும் அளவு, 10 மில்லி தூய ஆல்கஹால்). நான்கு பைன்டுக்கு ஒன்பது யூனிட்டைத் தாண்டிவிடும். பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016-இல் அறிவித்த வழிகாட்டுதல்படி, ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரத்துக்கே 14 யூனிட்டுக்கு மேல் கூடாது. அதையும் மூன்று நாள்களுக்கோ அதற்கும் அதிகமான நாள்களுக்கோ பிரித்துக்கொள்ள வேண்டும். ஆண் ஒருவர் ஒரே அமர்வில் எட்டு யூனிட்டுக்கு மேல் குடிப்பதை அந்நாட்டின் தேசியச் சுகாதாரச் சேவை (என்.எச்.எஸ்.) மிகைக்குடி என்றே வகைப்படுத்துகிறது. ஒரு யூனிட்டைக் கரைக்க உடலுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும். சனிக்கிழமை அதிகாலையில் காரை எடுக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய நம்மவர்கள் ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு பப்பில் உட்காருகிறார்கள். பப்புக்குக் கிளம்புமுன் கட்டாயம் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்.

குறைவாகக் குடித்தால் நண்பர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம், அதற்கு வருகிறேன். ரவுண்ட் வழக்கத்தின் உயிர், ஒருவருக்கொருவர் வாங்கித் தந்து கடனில்லாமல் பழகுவதில் இருக்கிறது. உங்கள் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதில் இல்லை. ஆகவே வந்தவுடன் முதல் ரவுண்டை நீங்களே வாங்குங்கள். வாங்கிக்கொண்டு வந்து வைக்கும்போதே, "ஏழரைக்குக் கிளம்பிவிடுவேன், அடுத்ததற்குப் பிறகு என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். தன் பங்கை முதலிலேயே செலுத்தியவரை யாரும் குறைசொல்ல மாட்டார்கள். பணம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். நான்கு பைன்ட் குடித்த மறுநாள் வீணாகும் சனிக்கிழமையோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பு அல்ல. இரண்டாவதாக அரை பைன்டோ, மதுவற்ற பீரோ, எலுமிச்சைச் சாறு கலந்த சோடாவோ கேட்கலாம். இங்கிலாந்தில் மது விற்க உரிமம் பெற்ற இடங்கள், குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது உரிம நிபந்தனை, கூச்சப்படாமல் கேளுங்கள்.

காரணங்கள் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். மருந்து என்றால் என்ன நோய் என்று அக்கறையோடு கேட்பார்கள், அடுத்த வாரம் சரியாகிவிட்டதா என்பார்கள், அதற்கு இன்னொரு கதை வேண்டியிருக்கும். வீட்டுப் பொருள்களைக் குறைத்த நீங்கள் நினைவில் சுமக்க வேண்டிய பொய்களை அல்லவா சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? "எனக்கு இரண்டு போதும்" என்பதே முழுமையான விடை. ஒருமுறை சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைகளில் இரண்டுக்குப் பிறகு உங்களை விட்டுவிட்டுத் தங்களுக்கு மட்டும் வாங்கிவர அவர்களே பழகிவிடுவார்கள்.

அம்மாவுக்கு யூனிட் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. "நண்பர்களோடு வெளியே போகிறேன், நாளைக் காலை கூப்பிடுகிறேன்" என்றால் அது உண்மை. மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் அவர் விமானம் ஏறுமுன் சொல்லிவிடுங்கள். புது ஊரில் முதல் வெள்ளிக்கிழமை இரவே தனியாகக் காத்திருந்து அவராகத் தெரிந்துகொள்வது நியாயமல்ல. வந்தபின் ஒரு ஞாயிறு மதியம் அதே பப்புக்குச் சாப்பிட அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மாலைகள் எப்படிப்பட்ட இடத்தில் கழிகின்றன என்று அவருக்கும் தெரியட்டும்.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் ஒரு மாதத்துக்குப் பிறகும் இரண்டோடு நிறுத்த முடியவில்லை என்றால், அதற்கு நண்பர்களும் அந்நாட்டு வழக்கமும் காரணமில்லை என்று ஆகிவிடும். அப்போது தயங்காமல் நீங்கள் பதிவு செய்துள்ள ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்கி, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாமல் அப்படியே சொல்லுங்கள்.