மாத்திரை இல்லாமல் மலச்சிக்கல் சரியாகுமா?

மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போகிறது, மாத்திரை இல்லாமல் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சரியாகும், ஆனால் சில வாரங்கள் பொறுமை வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. பழம், காய்கறி, பயறு, முழுதானியம் எல்லாம் சேர்ந்துதான் அந்த அளவு வரும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், கூடவே தண்ணீரும் நன்றாகக் குடியுங்கள், இல்லையென்றால் மலம் இன்னும் இறுகிவிடும்.

பலரும் கவனிக்காதது நேரம். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும், அதுவும் காலையில் அதிகம். காலை உணவு முடிந்து அரை மணிக்குள் போய் உட்காருங்கள், வராவிட்டாலும் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், முக்கவே வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே வையுங்கள், மலக்குடலின் வளைவு கொஞ்சம் நேராகி எளிதாகப் போகும். உணர்வு வரும்போது தயவுசெய்து அடக்காதீர்கள். அடக்க அடக்கக் குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் கல்லாகிவிடும். அப்புறம், தினமும் நடங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையும் சில வலி மாத்திரைகளும்கூட இதற்குக் காரணமாகலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, கடுமையான வயிற்றுவலி இருந்தால் இதையெல்லாம் முயன்றுகொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.