கருமுட்டை இருப்பு குறைவா? மாத்திரை பற்றிய சில கேள்விகள்

கே: வயது 33, ஏ.எம்.எச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.7. ஐ.வி.எஃப்.புக்கு (உடலுக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சை) முன் கோஎன்சைம் க்யூ 10 சாப்பிடச் சொல்கிறார்கள். முட்டை கூடுமா? (மார்த்தாண்டம்)

ப: தீர்ந்துபோன முட்டையை எந்த மாத்திரையும் உண்டாக்காது. இது உதவுவது முட்டைக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், இருப்பு குறைந்த, 35 வயதுக்குட்பட்ட பெண்கள் 200 மி.கி. வீதம் மூன்று வேளை, 60 நாள் சாப்பிட்டார்கள். முட்டை வளரப் போடும் ஊசி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. எடுத்த முட்டையும் கூடுதல். குழந்தை பிறப்பில் மட்டும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. எனவே எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள்.

பலர் தவறுவது சாப்பிடும் விதத்தில். இது கொழுப்பில் கரைவது. வெறும் வயிற்றில் கட்டன் சாயாவோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. தேங்காய் அரைத்த மீன்குழம்புச் சோறு போதும், அதன்பின் போடுங்கள். முட்டை முதிரும் கடைசிக் கட்டத்துக்கே ஏறக்குறைய 3 மாதம் ஆகும். ஊசி தொடங்கும் வாரத்தில் ஆரம்பித்துப் பயனில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கே: துபாயில் ஏ.எம்.எச். 5 இருந்தது, ஊருக்கு வந்து பார்த்தால் 0.7! (களியக்காவிளை)

ப: குறையவில்லை, அலகுதான் வேறு. அங்கே பைகோமோல் கணக்கில் தந்திருப்பார்கள், 7.14-ஆல் வகுத்தால் நம்மூர் நானோகிராம் கணக்கு, அதாவது அதே 0.7. முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? சில பரிசோதனை முறைகளில் அது அளவைப் பொய்யாகக் காட்டும். லேபில் சொல்லி, ரத்தம் கொடுக்கச் சில நாள் முன்பே நிறுத்துங்கள்.

கே: தோழியின் டி.எச்.இ.ஏ. மாத்திரையை நானும் போடலாமா? (செங்கோட்டை)

ப: கூடாது. அது கோஎன்சைம் க்யூ 10 போல ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் சத்து) அல்ல, ஹார்மோன் வகை. முகப்பரு, முகத்தில் முடி வரலாம். வழக்கமாக எழுதுவது 25 மி.கி. மூன்று வேளை, அதுவும் டாக்டர் எழுதினால் மட்டும்.

கே: வைட்டமின் சி, ஈ, மெலடோனின், மீன் எண்ணெய், கஷாயம் எல்லாம் சேர்த்துச் சாப்பிடுகிறேன். (கம்பம்)

ப: டப்பாக்களை வரிசையாக வைத்து லேபிளைப் படியுங்கள், ஒரே சத்து மூன்று டப்பாவில் இருக்கும். ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ நாளுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவுக்கு ஆபத்து. மீன் ஈரல் எண்ணெயில் அது உண்டு. மெலடோனின் 3 மி.கி. இரவில் மட்டும், அது தூக்கம் வரவழைக்கும். அதிக வைட்டமின் ஈ ரத்தக்கசிவைக் கூட்டலாம். முட்டை எடுக்கும் நாளுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், கஷாயத்தையும் மறைக்காமல். எதை விட்டாலும் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் விடாதீர்கள். நெல்லிக்காய்க்குத் தடையில்லை.

கே: வயது 38. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சிகிச்சைக்குப் போகலாமா? (பாறசாலை)

ப: வேண்டாம். மாத்திரை தரும் சிறு பயனைவிட அந்த ஆறு மாதத்தில் வயது பறிப்பது அதிகம். சிகிச்சைத் தேதியை இப்போதே வாங்குங்கள், இடைப்பட்ட வாரங்களில் மாத்திரை ஓடட்டும். கணவர் பீடி, சிகரெட் பிடிப்பவரானால் இன்றே நிறுத்தட்டும். விந்தணு உருவாகவும் இரண்டரை மாதம் வேண்டும்.