22 ஆசிரியர் இருந்தால் பெரிய துறையா?

கேள்வி: மகளை பி.எஸ்சி. வேதியியல் சேர்க்க சேலத்தில் இரண்டு கல்லூரிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் துறைக்கு 22 ஆசிரியர்களாம், மற்றதில் 9 பேர்தான். கட்டணம் ஏறக்குறைய ஒன்றே. பெரிய துறைதானே நல்லது?
– ஏற்காடு வாசகர்

பதில்: அந்த 22 பேரும் உங்கள் மகளுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. இயற்பியல், தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்கு அல்லைடு கெமிஸ்ட்ரி (துணைப் பாடமான வேதியியல்) நடத்துவதும் இதே துறைதான். இரண்டு ஷிஃப்ட் கல்லூரி என்றால் இரு ஷிஃப்ட் ஆட்களும் ஒரே பட்டியலில் இருக்கலாம். டைம்டேபிளைக் கேட்டு வாங்கி, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வகுப்புகளில் எத்தனை பெயர் வருகிறது என்று பாருங்கள். ஆர்கானிக், இனார்கானிக், பிசிக்கல் மூன்றுக்கும் தலா இரண்டு பேராவது இருந்தால் 9 பேர் தாராளம். ஒன்பதில் ஏழு பேர் ஆர்கானிக் என்றால் பிசிக்கலில் வரும் தெர்மோடைனமிக்ஸ் (வெப்ப இயக்கவியல்) யார் தலையில் விழுமோ!

கல்லூரி இணையதளத்தில் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அறிக்கை கிடைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளின் ஆசிரியர் பட்டியலை ஒப்பிடுங்கள். ஆண்டுதோறும் பாதிப் பெயர் மாறினால் யோசிக்க வேண்டும். பிஎச்.டி. மாணவர் எண்ணிக்கை பி.எஸ்சி. சேருபவருக்கு முக்கியமில்லை.

உண்மையான அளவு லேபில்தான் தெரியும். பிராக்டிகல் நடக்கும் நேரத்தில் அனுமதி கேட்டுப் போங்கள். ஆளுக்கொரு பியூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) இருக்கிறதா? 50 பேர் வகுப்புக்கு 25 இடம்தான் என்றால் இரண்டு பேட்சாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் இருவருக்கு ஒன்று கொடுத்தால் ஒருத்தி டைட்ரேட் செய்வாள் (சொட்டு விட்டு அளவு காண்பாள்), மற்றவள் அளவை எழுதிக்கொள்வாள். பர்மாங்கனேட் டைட்ரேஷனில் கடைசி ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு நின்றுவிடும். அந்தச் சொட்டு தன் கையில் பழக வேண்டும்.

அடுத்து எலக்ட்ரானிக் தராசுகளை எண்ணுங்கள். கிராவிமெட்ரியில் (எடை போட்டு அளவு காணும் சோதனை) குரூசிபிளை, அதாவது சூடு தாங்கும் சிறு கிண்ணத்தை, சூடேற்றி, ஈரம் புகாத டெசிகேட்டர் பாத்திரத்தில் ஆறவைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப நிறுக்க வேண்டும். 25 பேருக்கு ஒரே தராசு என்றால் வரிசை நீளும். இரண்டாவது எடையைக் கற்பனையில் எழுதுவார்கள். ஃப்யூம் ஹூட்டை (ரசாயனப் புகையை வெளியேற்றும் கூண்டு) போடச் சொல்லி அதன் திறப்பருகே ஒரு தாள் துண்டைப் பிடியுங்கள், உள்ளே இழுக்க வேண்டும். சில இடங்களில் அதில் பழைய பாட்டில்களை அடுக்கியிருப்பார்கள். யுவி கருவி (புற ஊதா ஒளியால் கரைசலைச் சோதிப்பது) இருந்தால் அதன் லாக் புத்தகத்தையும் புரட்டுங்கள்: கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வந்த வாரத்தில் மட்டும் பதிவு இருந்தால் அது காட்சிப் பொருள்.

தினமும் மலை இறங்கி ஏறுவதாக இருந்தால், மதிய பிராக்டிகல் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிராவிமெட்ரி நாளில் நேரம் நீளும்.