நிறையிலிருந்து பெயருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிறை நிறமாலைமானி பற்றிய உங்கள் கட்டுரையில், அக்கருவி ஒரு மூலக்கூறின் நிறையை நான்கு தசம இடங்கள் வரை அளந்து சொல்லும் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு துல்லியமாக அளந்த பிறகு, அட்டவணையைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொள்வது மட்டும்தானே பாக்கி? கணினி அறிவியலில் முதுகலை முடித்த என் மகள், உயிர்களின் வளர்சிதை மாற்றத்தில் உண்டாகும் சிறு மூலக்கூறுகளை ஆராயும் மெட்டபோலோமிக்ஸ் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரப்போவதாகச் சொல்கிறாள். பன்னிரண்டாம் வகுப்போடு வேதியியலை விட்டவளுக்கு அங்கே என்ன வேலை இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

செ., கோயம்புத்தூர்

அன்புள்ள செ. அவர்களுக்கு,

நிறையை அளப்பதும் பொருளை இன்னதென்று சொல்வதும் வெவ்வேறு காரியங்கள். உங்கள் மகளின் வேலை அவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், எத்திலீன் மூன்றின் நிறையும் முழு எண்ணில் 28. நான்கு தசமம் வரை போனால் 27.9949, 28.0061, 28.0313 என்று பிரிந்துவிடுகின்றன. சிறிய மூலக்கூறுகளுக்கு இது போதும். ஆனால் நிறை சில நூறுகளைத் தாண்டும்போது, கருவியின் பிழை பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் என்றாலும், அந்த இடைவெளிக்குள் அடங்கும் வாய்பாடுகள், அதாவது எந்தத் தனிமத்தின் அணு எத்தனை என்ற சேர்க்கைகள், பலவாகிவிடுகின்றன. இந்தத் தொகையை இன்னின்ன நாணயங்களால் எத்தனை விதமாகச் சில்லறையாக்கலாம் என்பது கணினி அறிவியலில் பழைய கணக்கு. தனிமங்களின் நிறைகளை நாணயங்களாக வைத்தால் நம் கணக்கும் அதுதான். ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகப் பேராசிரியர் செபாஸ்டியன் போக்கர், சூசன்னா லிப்தாக்குடன் சேர்ந்து 2007இல் இதற்கு ஒரு விரைவான வழிமுறையை வெளியிட்டார். அவருடைய குழுவின் பிற்காலப் பணிகள் பலவற்றுக்கு அது அடித்தளம்.

வாய்பாடு கிடைத்தாலும் பெயர் கிடைத்ததாகாது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், காலக்டோஸ் மூன்றுக்கும் வாய்பாடு ஒன்றே, நிறை 180.0634. ஆகவே மூலக்கூறை வாயுவோடு மோதவிட்டு உடைத்து, துண்டுகளின் நிறையையும் அளக்கிறார்கள். எந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்பதைக் கருவி சொல்லாது. எந்தெந்த நிறையில் துண்டு தென்பட்டது என்று காட்டும் உச்சங்களின் வரிசையை, அதாவது நிறமாலையை, மட்டும் தரும். போக்கரும் ஃப்ளோரியன் ராஷேயும் 2008இல் இதை ஒரு மரமாக வரைந்தார்கள். ஒவ்வொரு உச்சத்துக்கும் பல வாய்பாடுகள் போட்டியிடும். அவற்றில் அதிகபட்சம் ஒன்றைத் தேர்ந்து, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கழியும் நிறை 18.0106 ஆக இருந்தால் நீர், 43.9898 ஆக இருந்தால் கார்பன் டைஆக்சைடு என்று நம்பத்தக்க கிளைகளாக இணைத்து, மொத்த மதிப்பெண் மிக அதிகமாக வரும் மரத்தைத் தேட வேண்டும். கணினி அறிவியலார் என்பி-ஹார்டு என்று சொல்லும் கடினமான வகையைச் சேர்ந்த கணக்கு இது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலைவிடக் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியல்தான் இங்கே கைகொடுக்கும்.

2015இல் யேனா குழுவும் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஹோ ரூசுவின் குழுவும் சேர்ந்து உருவாக்கிய சிஎஸ்ஐ:ஃபிங்கர்ஐடி என்ற மென்பொருள் அடுத்த படி. நிறமாலையையும் மரத்தையும் பார்த்து, இந்த அமைப்பு உண்டா, அந்த வளையம் உண்டா என்று மூலக்கூறின் பண்புகளை ஒவ்வொன்றாக அது ஊகிக்கிறது. பிறகு அந்த ஊகங்களோடு ஒத்துப்போகும் சேர்மத்தைப் பப்கெம் போன்ற தரவுத்தளத்தில் தேடுகிறது. பப்கெமில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உண்டு. நீங்கள் சொல்லும் அட்டவணை அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அட்டவணையில் இல்லாத பொருள் வந்தால்?

அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில், முட்டையிடத் திரும்பி வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் செத்து மிதந்தன. சாலையிலிருந்து வழிந்து வரும் டயர்த் துகள்கள் மேல் சந்தேகம் விழுந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டயர்ச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கொல்லும் பகுதியை மட்டும் மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே பொருளை எட்டினார்கள். அதன் வாய்பாட்டில் கார்பன் 18, ஹைட்ரஜன் 22, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. டயரில் சேர்ப்பதாகத் தெரிந்திருந்த எந்தப் பொருளுக்கும் அந்த வாய்பாடு இல்லை. ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடியிலும் கார்பன் 18, நைட்ரஜன் 2 என்பதையும், ஹைட்ரஜன் இரண்டு கூடி ஆக்சிஜன் இல்லாமலிருப்பதுதான் வேறுபாடு என்பதையும் குழுவில் ஒருவர் கவனித்தார். காற்றிலுள்ள ஓசோன் 6பிபிடியை மாற்றியிருந்தது. 2020 டிசம்பரில் வெளிவந்த இந்த முடிவில், வாய்பாடு வரை கருவியும் கணக்கும் கொண்டுபோயின; அதற்கப்பால் வேதியியல் தெரிந்த ஒரு மனிதர் தேவைப்பட்டார். பட்டியலில் இல்லாத பொருளைப் பற்றியும் ஏதாவது சொல்ல வேண்டும் என்ற முயற்சிகள் இப்போது வலுத்திருக்கின்றன; பெயரைச் சொல்லாமல், எந்த வகைச் சேர்மம் என்று மட்டும் சொல்லும் கனோபஸ் மென்பொருள் அவற்றில் ஒன்று.

கருவி காட்டும் உச்சங்களின் எண்ணிக்கையிலும் மயங்கிவிடக் கூடாது; ஒரே பொருள் பல இடங்களில் தோன்றும். அதே குளுக்கோஸ் புரோட்டானோடு சேர்ந்தால் 181.0707இலும், சோடியத்தோடு சேர்ந்தால் 203.0526இலும் தோன்றும், கருவிக்குள் நுழையும்போதே உடைந்தால் வேறோர் இடத்தில் தெரியும். 2017இல் மாஹியூ, பட்டி இருவரும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் தரவு ஒன்றில் கண்ட 25,000 சமிக்ஞைகளை இப்படிச் சலித்தபோது எஞ்சிய வளர்சிதைப் பொருள்கள் 1,000க்கும் குறைவு. ஆயிரக்கணக்கில் புதிய மூலக்கூறுகள் கண்டதாக வரும் செய்திகளை நான் சற்றுத் தள்ளியே வைப்பது இதனால்தான்.

என் கணிப்பில் மிகவும் தேவைப்படும் வேலை, கண்டுபிடித்த பெயரை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது. புரத ஆய்வில் அமினோ அமில வரிசையைத் தலைகீழாக்கிப் பொய் வரிசைகளை உண்டாக்கி, அவற்றில் எத்தனை பொருந்துகின்றன என்று பார்த்துப் பிழை விகிதத்தை மதிப்பிடுவார்கள். சிறு மூலக்கூறு வரிசையன்று, தலைகீழாக்க முடியாது. ஆகவே அதற்கான பொய்களைச் செய்வதே தனி ஆராய்ச்சியாகிவிட்டது. மென்பொருள் எப்போதும் ஏதாவது ஒரு பெயரை முதலிடத்தில் நிறுத்தும். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்ல அதைப் பழக்குவது கடினம்.

உங்கள் மகள் சேர்வதற்கு முன்பே கையிட்டுப் பார்க்கலாம். ஜிஎன்பிஎஸ் தளத்தில் நிறமாலைகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. போக்கர் குழுவின் சிரியஸ் மென்பொருளைக் கல்வி நிறுவனத்தில் இருப்பவர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சேர்ந்த பின், முதல் சில மாதங்களில் மாதிரியைக் கருவியில் ஏற்றுபவர் அருகே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சோடியம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லித் தருவார்.

அன்புடன்,
ஆசிரியர்