விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பது ஏன்?
எடையின்மை என்றால் நம்மைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத நிலை, அவ்வளவுதான். எடை என்று நாம் உணர்வது தரை நம் காலை மேலே தள்ளுவதைத்தான். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே பூமியை நோக்கி விழுந்துகொண்டும் இருக்கிறது, ஆனால் பூமியின் பரப்பும் அதே அளவுக்கு வளைந்து விலகிப் போவதால் தரையைத் தொடுவதே இல்லை. நிலையமும் உள்ளே இருப்பவரும் ஒரே மாதிரி விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. வீட்டிலேயே பார்க்கலாம்: பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, மூடியில்லாமல் தண்ணீர் ஊற்றினால் ஒழுகும், அப்படியே கையை விட்டால் விழுகிற வரைக்கும் ஒழுகாது (மாடியிலிருந்து போடுவதாக இருந்தால் கீழே ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்).

அப்புறம், "அங்கே ஈர்ப்பு விசையே இல்லை" என்று பலர் நினைப்பது தவறு. தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது.