தாளில் என்ன எழுதியிருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

ரஷ்யாவின் வெளியுறவுக் கொள்கை பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் கேட்டிருந்தவற்றில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

உக்ரைன் சண்டையில் மாட்டிக்கொண்ட ஸபோரிஷியா அணுமின் நிலையமும் நம்ம கூடங்குளமும் ஒரே ரக உலைதான் என்கிறார்களே, மெய்யா? அங்கே நடப்பது இங்கே நடக்குமா? – வாசகர், ராதாபுரம்

ஒரே குடும்பம்தான். இரண்டும் ரஷ்ய வடிவமைப்பான விவிஇஆர்-1000 வகை. ஸபோரிஷியாவில் ஆறு உலைகள். 2022 மார்ச் 4 முதல் ரஷ்யப் படையின் பிடியில் இருக்கின்றன; அந்த ஆண்டு செப்டம்பருக்குப் பிறகு அவை மின்சாரம் தரவில்லை.

உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. செங்கல் சூளை தீயை எடுத்த பிறகும் கனன்றுகொண்டே இருப்பது போல, நிறுத்திய கணத்திலும் அதன் வெப்பத்தில் 6 முதல் 7 விழுக்காடு மிச்சமிருக்கும். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் அது சுமார் 200 மெகாவாட். ஒரு நாளில் 15 மெகாவாட் அளவுக்கு இறங்கும். பிறகு மெல்ல மெல்லக் குறையுமே தவிர, அறவே நிற்காது. தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குப் பம்பு ஓடவேண்டும், பம்புக்கு வெளியிலிருந்து கரண்ட் வரவேண்டும். போருக்கு முன் ஸபோரிஷியாவுக்கு 750 கிலோவோல்ட் கம்பித்தடம் நான்கு இருந்தன. குண்டுவீச்சில் ஒவ்வொன்றாக அறுந்தன. 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து ஒரு மாதம் முழுக்க, வெளிக் கரண்ட் இல்லாமல் டீசல் ஜெனரேட்டரிலேயே காலம் தள்ளினார்கள். 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்து நீர்த்தேக்கம் வற்றியதால், குளிர்விக்கும் தண்ணீருக்குக் கிணறு தோண்ட வேண்டியதாயிற்று.

கூடங்குளம் பிற்காலத்து வடிவம். கரண்ட் முழுதாகப் போனாலும் காற்றோட்டத்தால் தானாகவே வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு இருக்கிறது. உருகிய எரிபொருளைத் தாங்கிப் பிடிக்கும் தொட்டி அடியில் இருக்கிறது. மேலே இரட்டைக் கவசக் கூடு. விபத்தை எண்ணிச் செய்தவை இவை. மாதக்கணக்கில் பீரங்கி வீச்சைத் தாங்குவதற்கு உலகில் எந்த அணு உலையும் கட்டப்படவில்லை. அந்த இடத்தில் நம்மைக் காப்பது ஒரு தாள்: ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட உடன்பாடு. அதன்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தங்கள் நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. ஜெனீவா உடன்படிக்கையின் முதல் கூடுதல் நெறிமுறையும் அணுமின் நிலையத்துக்குப் பாதுகாப்புச் சொல்கிறது. ஸபோரிஷியாவில் அந்த நெறியை மிதித்ததுதான், எங்கள் கணிப்பில், இந்தப் போர் உலகத்துக்குச் செய்த பெரிய கேடுகளில் ஒன்று.

நாளைக்கே ரஷ்யா எரிபொருள் தரமாட்டேன் என்றால் கூடங்குளம் என்ன ஆகும்? – வாசகர், வள்ளியூர்

உடனே நிற்காது. ஓர் உலைக்குள் 163 எரிபொருள் கற்றைகள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாற்றுவார்கள். முன்பு 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். புது ரகக் கற்றை வந்தபின் 18 மாதம் ஓடுகிறது.

இந்தப் பயத்துக்குக் காரணம் தாராப்பூர் அணுமின் நிலையத்தின் அனுபவம். 1974 பொக்ரான் அணுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா எரிபொருளைக் கைவிட, பிரான்சிடம் போக வேண்டியிருந்தது. ரஷ்ய உலைக்கு வேறொருவர் எரிபொருள் செய்யவே முடியாது என்பது சரியல்ல. அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸின் கற்றையை உக்ரைன் 2005-இலேயே சோதனையாகப் போட்டுப் பார்த்தது. ஆனால் 2012-இல் கற்றையின் வெளிச்சட்டம் பழுதாகி, வடிவத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இன்று ஆர்டர் போட்டு நாளை இறக்கும் சரக்கல்ல இது, வருடக்கணக்கான வேலை. ஐரோப்பாவிலும் ரஷ்ய உலைகள் ஓடுவதால்தான், ரஷ்ய நிலக்கரிக்கு வந்த தடை அணு எரிபொருளுக்கு அதே வேகத்தில் வரவில்லை.

மகேந்திரகிரி கிரையோஜெனிக் விஷயத்தில் ரஷ்யா நம்மைக் கைவிட்டதா, காப்பாற்றியதா? – கல்லூரி மாணவி, பணகுடி

இரண்டும். 1991-இல் சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மோஸ் நிறுவனம் கிரையோஜெனிக் எஞ்சினோடு, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சினோடு, தொழில்நுட்பமும் தருவதாக ஒப்புக்கொண்டது. அந்த வருடக் கடைசியில் சோவியத் நாடே இல்லை. 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மோஸ் மீதும் தடை போட்டது. பணமுடையில் இருந்த ரஷ்ய அதிபர் எல்ட்சின் அரசு 1993-இல் இறங்கி வந்தது: தொழில்நுட்பம் கிடையாது, செய்து முடித்த எஞ்சின் ஏழு மட்டும். மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனைக் கையாளும் வித்தையை நாமே கற்க வேண்டியிருந்தது. 2010 ஏப்ரலில் நம் சொந்த எஞ்சினோடு போன முதல் ராக்கெட் விழுந்தது. எரிபொருள் பம்பு நின்றுபோனது காரணம். 2014 ஜனவரி 5 அன்று வென்றோம். கையெழுத்துப் போட்ட நாடு பலமிழந்தால், அதன் கையெழுத்தும் சேர்ந்தே பலமிழக்கும் என்பதை, இஸ்ரோ எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியின் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அணுகுண்டைக் கொடுத்துவிட்டு உக்ரைன் என்னதான் வாங்கியது? – ஆசிரியர், பாளையங்கோட்டை

1994 டிசம்பர் 5, புடாபெஸ்ட். தன் மண்ணில் இருந்த சுமார் 1,900 தொலைதூர அணுகுண்டுகளை விட்டுக்கொடுக்க உக்ரைன் சம்மதித்தது. கடைசிக் குண்டு 1996-இல் ரஷ்யா போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் அதன் எல்லையை மதிப்பதாக எழுதிக்கொடுத்தன. ஆங்கிலப் படியில் இருப்பது ‘உறுதிமொழி’ என்ற பொருள் தரும் சொல், ‘உத்தரவாதம்’ அல்ல. அமெரிக்கா அதில் பிடிவாதமாக இருந்தது. உத்தரவாதம் என்றால் படை அனுப்பவேண்டி வரும். அணு ஆயுதத்தைக் காட்டி யாராவது தாக்கினால் ஐ.நா. பாதுகாப்பு அவையை அணுகுவோம் என்று ஒரு பிரிவு உண்டு. அங்கே ரஷ்யாவுக்கு வீட்டோ, அதாவது தனியாளாகவே தீர்மானத்தைத் தடுக்கும் உரிமை, இருக்கிறது! 2022 பிப்ரவரி 25 அன்று, உக்ரைன் படையெடுப்பைக் கண்டித்து 11 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை ரஷ்யா ஒற்றை வாக்கால் வீழ்த்தியது. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் வாக்களிக்கவில்லை.

இதைப் பார்த்த எந்த நாடு இனி ஆயுதத்தைக் கீழே வைக்கும்? இருந்த வேலிகளும் சாய்கின்றன. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கு 1,550 குண்டுகளுக்கு மேல் தயார்நிலையில் நிறுத்தக்கூடாது என்ற நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தை ரஷ்யா 2023 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தது. 2026 பிப்ரவரி 5 அன்று அதன் கெடுவும் முடிந்தது. ஒருவர் ஏவுகணைத் தளத்தை மற்றவர் ஆண்டுக்கு 18 முறை நேரில் போய்ப் பார்க்கலாம் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. எண்ணிக்கை வரம்பைவிட அந்தப் பார்வைதான் எங்களுக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

பிசான நெல் சாகுபடிக்குப் பொட்டாஷ் உரம் வாங்கப் போனால் விலை மலைக்கிறது. ரஷ்யச் சண்டைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? – விவசாயி, அம்பாசமுத்திரம்

நம் நாட்டில் பொட்டாஷ் வெட்டியெடுக்கும் சுரங்கம் இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ் தயவில்தான் மூட்டை வருகிறது. பெலாரஸ் சரக்கு லிதுவேனியாவின் கிளைபேடா துறைமுகம் வழியே போய்க்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் அந்த வழி அடைபட்டது. ரஷ்ய உரத்துக்கு நேரடித் தடை இல்லாதபோதும் கப்பல் காப்பீடும் வங்கிப் பணப்பட்டுவாடாவும் சிக்கின. அந்த ஆண்டு 50 கிலோ மூட்டை 1,700 ரூபாயைத் தொட்டது.

மூட்டையில் 60 விழுக்காடு சத்து. ஏக்கருக்கு 20 கிலோ சத்து பரிந்துரை என்றால் 33 கிலோ போதும், முழு மூட்டை வேண்டாம். பாதியை அடியுரமாகவும் மீதியைக் கதிர் உருவாகும் பருவத்திலும் போடுங்கள். மணற்பாங்கான வயலில் ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீரோடு இறங்கிவிடும். பொட்டாஷை அறவே விட்டுவிட்டு யூரியாவை ஏற்றினால் பயிர் சாயும், பூச்சியும் கூடும். நெற்பயிர் எடுக்கும் பொட்டாஷில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. வைக்கோலைக் கட்டி கேரளாவுக்கு ஏற்றிவிட்டால் அதுவும் கூடவே போகிறது. சாணமாகவோ மடக்கி உழுதோ கொஞ்சமாவது வயலுக்குத் திருப்புங்கள்.

அண்ணாச்சி, என் தங்கச்சி மகனுக்கு ரஷ்யாவில் கிட்டங்கி உதவியாள் வேலை என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். ஒரு வருஷத்தில் திரும்பிவிடலாமாம். அனுப்பலாமா? – வாசகி, களக்காடு

தாளைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள் அம்மா. இப்படி அழைத்துப்போன இந்திய இளைஞர்கள் சிலர் போர்முனையில் இறந்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் பிரதமரே மாஸ்கோவில் இதை எழுப்ப வேண்டியிருந்தது. முதலில் அந்த ஏஜென்டின் பதிவு எண்ணை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். சுற்றுலா விசாவில் வேலை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரஷ்ய மொழி ஒப்பந்தத்தை போன் கேமராவில் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் செயலி உண்டு. ‘மினிஸ்தெர்ஸ்த்வோ அபரோனி’ என்பது பாதுகாப்பு அமைச்சகம், ‘வயென்னயா ஸ்லூஷ்பா’ என்பது ராணுவச் சேவை. இரண்டில் ஒன்று இருந்தாலும் கையெழுத்து வேண்டாம்.

‘ஒரு வருஷம்’ என்பதையும் நம்பாதீர்கள். 2022 செப்டம்பர் 21 அன்று புதின் பிறப்பித்த ஆணைப்படி, படைதிரட்டல் காலம் முடியும்வரை ராணுவ ஒப்பந்தம் தானாக நீளும். தாளில் போட்ட தேதி செல்லாது. பையன் ஏற்கெனவே கிளம்பியிருந்தால், பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலோடு இன்றைக்கே கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, மாஸ்கோ இந்தியத் தூதரகத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள்.